அஞ்சு பேரில் யார் தேறுவார்? 2018 குவார்ட்டர்பேக் டிராஃப்ட், இன்னும் மூடாத இழை

22 ஏப்ரல் 2018, ஒரு வாசகர்

வியாழக்கிழமை என்எஃப்எல் டிராஃப்ட், அமெரிக்கக் கால்பந்து அணிகள் காலேஜ் பையன்களை முறை வைத்து எடுக்கிற நாள். காலேஜிலிருந்து வரும் குவார்ட்டர்பேக்குகளில் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) ஜாஷ் ஆலன்தான் முதல் ஆள் என்பது என் கட்சி. 6 அடி 5 அங்குலம், பீரங்கி மாதிரி கை. லமார் ஜாக்சன் குவார்ட்டர்பேக்கே கிடையாது. ஓடத் தெரிந்தவன், அவ்வளவுதான். எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவராக மாறினால் பிழைத்துக்கொள்வான். மறுப்பவர் மறுக்கலாம்.

22 ஏப்ரல் 2018, இரவு

மறுக்கிறேன். இரண்டுமே தப்பு.

ஆலன் வயோமிங்கில் ஆடிய கடைசி இரண்டு வருஷமும் எறிந்ததில் நூற்றுக்கு 56 பந்துதான் ஆள் கையில் சேர்ந்தது. எதிரே நின்றவர்களில் பெரும்பாலும் பெரிய காலேஜ்காரர்கள்கூட இல்லை. கையில் பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் ஒருவன் இந்தத் தெருவில் நின்று அடுத்த தெரு மாமரத்துக்குக் கல் விடுவான். பலசாலிதான். ஆனால் விழுந்தது எல்லாம் ஓடு, மாங்காய் இல்லை.

ஜாக்சன் 2016-இல் காலேஜ் ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவன். பல அணிகளை நடத்திய பில் போலியன் மாதிரி பழம் தின்று கொட்டை போட்ட ஆளே அவனை ரிசீவராகப் போகச் சொல்கிறார் என்பது தெரியும். அவர் சொன்னால் சரியாகிவிடுமா?

என் வரிசை: ரோஸன், டார்னல்ட், மேஃபீல்ட், ஜாக்சன், ஆலன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸன் ஏன் முதலில் என்றால், யூசிஎல்ஏ காலேஜுக்கு அவன் ஆடிய ஆட்டங்களைப் பாருங்கள். பின்னால் மூன்று எட்டு, ஐந்து எட்டு வைக்கிற கால், தோள் திரும்புகிற விதம், பந்து விரலை விட்டுப் பிரிகிற நேரம் எல்லாம் பாடப்புத்தகம். இவன் பந்து எறிவதை ஒலியில்லாமல் ஓடவிட்டே ஒரு மணி நேரம் பார்க்கலாம். பார்த்திருக்கிறேன்.

23 ஏப்ரல் 2018

டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரியா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இதே கேள்வியை நேற்று என் அப்பா கேட்டார். நியூ ஜெர்சி எடிசனில் எங்களோடு ஆறு மாசம் இருக்க வந்திருக்கிறார். போன வருஷ டிராஃப்டை யூடியூபில் போட்டுக் காட்டினேன்.

"ஏலம் எங்கப்பா? ஒருத்தனும் வெலையக் கூவக் காணோமே."

விலை கிடையாது அப்பா, முறைதான். 32 அணி. போன சீசனில் அடிமட்டத்தில் இருந்தவன் முதலில் எடுப்பான், கோப்பை வாங்கியவன் கடைசியில். இந்த முறை 16 ஆட்டத்தில் 16-லும் தோற்ற கிளீவ்லாண்டுக்கு முதல் உரிமை என்றேன்.

"தோத்தவனுக்கா? அப்ப ஒருத்தன் வேணும்னே தோத்தா?"

இந்தக் கேள்விக்கு இங்கே இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பையனுக்கு அந்த ஊர் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்ததாகக் கேட்டார். போக மாட்டேன் என்று அடம் பிடித்து ஜெயித்தவர்கள் உண்டு, 1983-இல் ஜான் எல்வே, 2004-இல் ஈலை மேனிங். மற்றவர்கள் கூப்பிட்ட இடத்துக்குப் பெட்டியைக் கட்டுகிறவர்கள்தான்.

அப்புறம் டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன் என்கிற சோதனையைக் காட்டினேன். பையன்களை அரைக்கால் சட்டையோடு மேடையில் நிறுத்தி உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளக்கிறார்கள். 40 யார்டு ஓடவிட்டு நேரம் குறிக்கிறார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பல்லப் புடிச்சுப் பாக்கலையா?" என்றார். எங்களுக்கு மணப்பாறை. சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. டிராஃப்டுக்கு முந்தின இரண்டு வாரமும் அணிக்காரர்கள் பத்திரிகைக்குச் சொல்கிற எல்லாம் அந்தத் துண்டுதான். எவனைப் புகழ்கிறானோ அவனை எடுக்கப்போவதில்லை.

24 ஏப்ரல் 2018

கை அளவு கேட்டவருக்கு. ஆலன் பத்தே அரைக்கால் அங்குலம். மேஃபீல்ட் ஒன்பதேகால். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை விரித்து அளக்க வேண்டும். குளிரிலும் மழையிலும் பந்து வழுக்காமல் இருக்கக் கை பெரிதாக இருக்க வேண்டுமாம். என் கையைப் பையனின் ஸ்கேலில் வைத்து அளந்தேன், ஏழே முக்கால். இட்லி மாவு கரைக்கப் போதும் என்று தீர்ப்பு வந்துவிட்டது, யாரிடமிருந்து என்று சொல்லத் தேவையில்லை.

26 ஏப்ரல் 2018, இரவு 11

கை நடுங்குகிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

1. மேஃபீல்ட், கிளீவ்லாண்ட். எதிர்பார்க்கவே இல்லை.
3. டார்னல்ட், எங்கள் நியூயார்க் ஜெட்ஸ்!!!
7. ஆலன், பஃபலோ. 12-இலிருந்து ஏறி வந்து எடுத்தார்கள்.
10. ரோஸன், அரிசோனா.

இரண்டாவதாக நியூயார்க் ஜயன்ட்ஸ் ஓட்டக்காரன் சேக்வான் பார்க்லியை எடுத்தபோதே எங்கள் ஹாலில் சத்தம் கிளம்பிவிட்டது. எட்டு வயசுப் பையன் சோபா மேல் ஏறிக் குதித்தான். மார்ச்சில் ஆறாம் இடத்திலிருந்து மூன்றுக்கு ஏற, ஜெட்ஸ் மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளை இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்திருந்தது. அந்த விலை அப்போது வயிற்றெரிச்சல். இப்போது போகட்டும், இருபத்தொரு வயசு கூட நிரம்பாத பையன், எல்லாம் நல்லதுக்குத்தான். பச்சை ஜெர்சி, 14-ஆம் எண், பையன் அளவில் இப்போதே ஆர்டர் போட்டாயிற்று. எண் 14 என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். யூஎஸ்சி காலேஜில் அதுதான் அவன் எண், ஒரு நம்பிக்கைதான்.

ரோஸன், "எனக்கு முன்னால் ஒன்பது தப்பு நடந்திருக்கிறது" என்று பேட்டி கொடுத்திருக்கிறான். திமிர்தான். ஆனால் அவன் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஜாக்சனை இன்னும் யாரும் எடுக்கவில்லை. காலையில் ஆபீஸ், தூங்கப் போகிறேன்.

27 ஏப்ரல் 2018, காலை

ஜாக்சன் 32. முதல் சுற்றின் கடைசிப் பெயர். பால்டிமோர், ஃபிலடெல்ஃபியாவின் இடத்தை வாங்கி எடுத்தது. அந்த அணிக்கே 25-ஆம் இடத்தில் முறை வந்தபோது வேறொருவனை எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அம்மாவோடு உட்கார்ந்து நான்கு மணி நேரம் போல மற்றவன் பெயரையே கேட்டிருக்கிறான். முன்னாள் ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ் டிவிக்காக மைக்கை நீட்டியதும், இவர்களுக்கு என்னால் ஒரு சூப்பர் பவுல் (சீசனின் இறுதிப் போட்டி) வெற்றி கிடைக்கும் என்றிருக்கிறான்.

1983-இல் டான் மரினோவும் இப்படித்தான் 27 வரை கீழே சரிந்தார். 24-ஆம் இடத்தில் அவரை விட்டுவிட்டு கென் ஓ'பிரையனை எடுத்த அணி எது என்று தேடிப் பார்க்காதீர்கள். சரி, நானே சொல்கிறேன். ஜெட்ஸ்.

11 செப்டம்பர் 2018

டார்னல்டின் முதல் என்எஃப்எல் ஆட்டம், டெட்ராய்டில். முதல் பந்து: வலப்பக்கம் ஓடி, மைதானத்தின் குறுக்கே இடப்பக்கம் எறிந்தான். எதிராளி பிடித்து அப்படியே எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டான். ஆட்டம் தொடங்கி அரை நிமிஷம் ஆகவில்லை. பையன் என்னைப் பார்த்தான், நான் டிவியைப் பார்த்தேன்.

கடைசியில் 48-17 ஜெட்ஸ். அந்த முதல் பந்தை அவன் மறந்துவிட்டு ஆடினான் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

21 செப்டம்பர் 2018

பேச விருப்பமில்லை. எங்களுக்கு 14-0 முன்னிலை. கிளீவ்லாண்ட் குவார்ட்டர்பேக்குக்கு அடி பட, மேஃபீல்ட் உள்ளே வந்தான். 21-17. 635 நாளுக்கு அப்புறம் அவர்களுக்கு ஒரு வெற்றி. ஒரு பீர் கம்பெனி அந்த ஊர் மதுக்கடைகளில் பூட்டி வைத்திருந்த ஃபிரிட்ஜ்கள், ஜெயித்தால் மட்டும் திறக்கும் என்று வைத்தவை, நேற்று திறந்தன. எங்கள் செலவில் ஊருக்கே விருந்து.

7 ஜனவரி 2019

கேள்வி கேட்ட வாசகரே, ஒருவேளை லமார் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரியோ. நவம்பரில் உள்ளே வந்து ஏழில் ஆறு ஆட்டம் ஜெயித்தான், எல்லாம் ஓடி. நேற்று பிளே-ஆஃபில் (தோற்றால் வெளியே என்கிற சுற்று) சார்ஜர்ஸ் அணி வழியை அடைத்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் 23-17 என்று பார்க்கிறபோது ஏதோ போல் இருக்கிறது, ஆட்டம் அப்படி இல்லை. சொந்த ஊர்க் கூட்டமே கூச்சல் போட்டது. ஜாக்சனை நான்காம் இடத்தில் வைத்ததே அதிகம் என்று தோன்றுகிறது.

27 ஏப்ரல் 2019

முதல் குறிப்பைத் திருத்த வேண்டும். ரோஸன்.

அரிசோனா ஒரே வருஷத்தில் அவனைக் கைவிட்டுவிட்டது. 3 வெற்றி, 13 தோல்வி. கோச்சை ஒரு வருஷத்தில் அனுப்பினார்கள். ஆட்டத்திட்டம் போடுகிறவரை சீசன் நடுவிலேயே மாற்றியிருந்தார்கள். புதுக் கோச் வந்தார், அவருக்கு வேண்டிய கைலர் மரேயை முதல் இடத்தில் எடுத்தார். மறுநாளே ரோஸன் மயாமிக்குப் போனான், இரண்டாம் சுற்று உரிமை ஒன்று, அடுத்த வருஷ ஐந்தாம் சுற்று ஒன்று, அதுதான் விலை. ஒரு வருஷத்துக்கு முன் பத்தாவது ஆள்.

இதைப் புலம்பிக்கொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தேன். மனைவிக்கு இந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் யார் என்றே தெரியாது. தோசை திருப்பிக்கொண்டே சொன்னாள்: "பொண்ணு நல்ல பொண்ணுதான். புகுந்த வீட்ல ஒரே வருஷத்துல மாமியாரே மாறிட்டா அவ என்ன பண்ணுவா?"

இவ்வளவு நாளும் நான் பையன்களை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். ரோஸன் கால் வைப்பு, ஆலன் குறி, மேஃபீல்ட் உயரம். இவர்கள் எந்த வீட்டுக்குப் போகிறார்கள், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு வரி எழுதவில்லை. மேலே ஏறிப் படித்துப் பாருங்கள்.

9 செப்டம்பர் 2019

ஜனவரிக் குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். மயாமியில் பால்டிமோர் 59-10 என்று ஜெயித்தது. ஜாக்சன் எறிந்தது ஐந்து டச்டவுன். ஓட்டக்காரனுக்கு இது பரவாயில்லைதானே என்று ஆட்டம் முடிந்து சிரித்தான். எதிர் அணியில் மாற்று ஆளாக இருந்தது யார் தெரியுமா? ரோஸன்.

22 அக்டோபர் 2019, அதிகாலை 2

தூக்கம் வரவில்லை, எழுதித் தீர்க்கிறேன்.

டார்னல்டுக்கு செப்டம்பரில் மோனோ காய்ச்சல். மண்ணீரல் வீங்கி ஒரு மாசம் படுத்தான். திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் டாலஸை 24-22 என்று தோற்கடித்தான், அதில் 92 யார்டு டச்டவுன் ஒன்று. அந்தக் குஷியில் நேற்றைய திங்கள் இரவு ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி வருகிறது. பையனுக்கு மறுநாள் ஸ்கூல். மனைவி முறைத்தாள். எடிசனில் ரயில் ஏறி, சிகாக்கஸில் மாறி, மெடோலேண்ட்ஸ் ரயிலில் பச்சைச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவே நசுங்கிப் போனோம். பையன் டப்பாவில் புளியோதரை.

முதல் முறை பந்து பேட்ரியட்ஸ் கையில். நிதானமாக ஒன்பது நிமிஷம் போல வைத்திருந்து டச்டவுன் போட்டார்கள். அப்புறம் டார்னல்ட் உள்ளே வந்தான். எங்கள் இருக்கை உச்சியில், அங்கிருந்து ஆட்கள் விரல் அளவுதான். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பந்து கைக்கு வருவதற்கு முன்பே அவன் கால்கள் தரையில் நிற்கவில்லை. சூடான மணலில் நிற்பவன் மாதிரி தூக்கித் தூக்கி வைத்தான். பேட்ரியட்ஸ்காரர்கள் வரிசையில் ஏழெட்டுப் பேர் வருவது போல் நிற்பார்கள், நான்கு பேர்தான் வருவார்கள். எந்த நான்கு என்பதுதான் விளையாட்டு. இல்லாத ஆளுக்குப் பயந்து எறிவான், அங்கே வேறு ஒருவன் காத்திருப்பான்.

32 எறிந்து 11 சேர்ந்தது. 86 யார்டு. நான்கு இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி பிடித்துக்கொண்ட பந்து. 33-0. மூன்றாம் பகுதி முடிவதற்குள் கிளம்பிவிட்டோம், புளியோதரை பாதி மிச்சம்.

சிகாக்கஸ் பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது ஃபோன் நிற்காமல் அதிர்ந்தது. டார்னல்ட் சட்டையில் டிவிக்காரர்கள் மைக் வைத்திருந்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குப் பேய்கள் தெரிகின்றன என்று சொன்னதை நாடே கேட்டிருக்கிறது. மைதானத்துக்குள் இருந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஒரு பெஞ்சில் முணுமுணுத்ததை ஊருக்கு ஒலிபரப்பியதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

பையன் என் ஃபோனில் படித்துவிட்டு, "ஏம்பா, நெஜமாவே பேயா?" என்றான். அவனுக்குத் தலைவலி என்றுதான் சொன்னேன்.

1 நவம்பர் 2019

ஹாலோவீனுக்குப் பையனின் ஸ்கூலில் ஒருவன் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு 14 என்று எழுதி வந்திருக்கிறான். என் பையன் ஜெர்சியைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஊருக்குத் திரும்பிவிட்ட அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். "ஒரு கொத்து வேப்பெலைய அனுப்பட்டுமா?" என்றார்.

2 பிப்ரவரி 2020

லமார் ஜாக்சன், சீசனின் சிறந்த ஆட்டக்காரர். 50 வாக்கில் 50. இதற்கு முன் இப்படி முழு வாக்கும் வாங்கியவர் டாம் பிரேடி ஒருவர்தான். ஓடியது மட்டும் 1,206 யார்டு, எந்தக் குவார்ட்டர்பேக்கும் ஒரு சீசனில் ஓடாத தூரம். ரிசீவராகப் போகச் சொன்னவர்கள் வரிசையில் வரவும். 32-ஆம் ஆள்.

17 ஜனவரி 2021

பஃபலோ 17, பால்டிமோர் 3. ஆலனும் ஜாக்சனும் பிளே-ஆஃபில் நேருக்கு நேர். ஜாக்சன் எறிந்த பந்தைப் பிடித்து ஒருவன் 101 யார்டு ஓடினான், ஆட்டம் முடிந்தது.

ஆனால் எழுத வந்தது ஆலனைப் பற்றி. முதல் வருஷம் நூற்றுக்கு 52.8. இரண்டாம் வருஷம் 58.8. இந்த வருஷம் 69.2. நான் 2018-இல் அடித்துச் சொன்னேன், குறி பிறவியிலேயே வர வேண்டும், இருபது வயசுக்கு மேல் வராது என்று. அந்தக் குறிப்பில் அந்த வாக்கியம் இல்லையே என்று தேடாதீர்கள், ஆபீஸ் கேன்டீனில் சொன்னேன், சாட்சி இருக்கிறார்கள்.

எப்படி வந்தது? புகுந்த வீட்டுக் கணக்கில் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. மூன்று வருஷமும் அதே கோச், அதே ஆட்டத்திட்டக்காரர், போன மார்ச்சில் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவரை விலை கொடுத்து வாங்கினார்கள். சரி. ஆனால் கோச் மாறாத எத்தனையோ வீடுகளில் பையன் அப்படியே இருந்திருக்கிறான். ஆலன் ஒவ்வொரு லீவிலும் தனி ஆசிரியரிடம் போய் இடுப்பிலிருந்து கால் விரல் வரை எறியும் முறையைப் பிரித்துச் சேர்த்திருக்கிறான். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பம். ஸ்கூல் முடித்தபோது பெரிய காலேஜ் எதுவும் சீண்டவில்லை. ஊர்ப் பக்கத்து இரண்டு வருஷக் காலேஜில் ஆடிக்கொண்டே நாடு முழுக்கக் கோச்சுகளுக்கு மின்னஞ்சல் தட்டியவன். அடுப்பு எரிந்தது உண்மை, விறகு வெட்டியது அவன்.

அதனால் மனைவியின் தத்துவம் பாதி சரி. அவளிடம் சொல்ல வேண்டாம்.

30 ஏப்ரல் 2021

டார்னல்டை ஜெட்ஸ் இந்த மாசம் ஐந்தாம் தேதி கரோலைனாவுக்கு விற்றுவிட்டது. மூன்று வருஷம், இரண்டு தலைமைக் கோச்சுகள், முன்னால் நிற்கும் வரிசையோ பழைய வேலி.

நேற்று அவனுக்குப் பதில் இரண்டாம் இடத்தில் ஜாக் வில்சன். பிரிகம் யங் காலேஜ். மார்ச்சில் அவன் ப்ரோ டேயில் (அணிக்காரர்கள் முன்னால் காலேஜில் ஆடிக்காட்டும் நாள்) எறிந்த ஒரு பந்தைப் பார்த்தீர்களா? இடப்பக்கம் ஓடிக்கொண்டே உடம்பைத் திருப்பாமல் 50 யார்டுக்கு மேல் எறிந்தான். பதினெட்டுத் தடவை பார்த்தேன். எதிரே ஒரு ஆள் கிடையாது, மழை கிடையாது, இரைச்சல் கிடையாது. எல்லாம் தெரிந்தும் வாயில் எச்சில் ஊறுகிறது. மாமரத்துக்குக் கல் எறிந்தவனைப் பற்றி எழுதியது நான்தானா?

9 டிசம்பர் 2022

மேஃபீல்டைப் பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். கிளீவ்லாண்ட் கழற்றிவிட்டது, கரோலைனா வீட்டுக்கு அனுப்பியது. செவ்வாய்க்கிழமை லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் எடுத்தது. இரண்டே நாள் பாடம் படித்துவிட்டு வியாழக்கிழமை இறங்கி, கடைசி நிமிஷங்களில் 98 யார்டு நகர்த்தி 17-16 என்று ஜெயித்துவிட்டான். அந்த ஃபிரிட்ஜ் ராத்திரியை மன்னித்தேன்.

ஜாக் வில்சனைப் பற்றியும் யாரும் கேட்க வேண்டாம்.

12 செப்டம்பர் 2023

ஜெட்ஸின் புதுக் குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ். நாலு பந்து. குதிகால் தசைநார் அறுந்தது. நன்றி, வணக்கம்.

26 ஏப்ரல் 2024

முதல் 12 பெயரில் ஆறு குவார்ட்டர்பேக். கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிரேக் மே என்று முதல் மூன்றும் அவர்களே, அப்புறம் 8, 10, 12. முதல் சுற்றில் ஆறு பேர் என்பது 1983-க்குப் பிறகு இப்போதுதான். எட்டாவதாக அட்லாண்டா மைக்கேல் பெனிக்ஸை எடுத்ததும் பையன் (இப்போது பதினாலு, என்னைவிட உயரம்) ஃபோனைக் கீழே போட்டான். போன மாசம்தான் அவர்கள் கர்க் கசின்ஸுக்கு 10 கோடி டாலர் உறுதிப்பணத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். புது மருமகள் வந்து கோலம் காய்வதற்குள் இன்னொரு பெண் பார்த்துவிட்டார்கள்.

வரிசை போடு என்று மூன்று பேர் கேட்டீர்கள். மாட்டேன். பையன் போட்டிருக்கிறான், மே முதலிடம். பேட்ரியட்ஸ்காரனை முதலில் வைத்ததற்குத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

14 ஜனவரி 2025

டார்னல்ட் மினசோட்டாவில் இந்த சீசன் 14 வெற்றி, 35 டச்டவுன். நம்பவே ஆரம்பித்துவிட்டேன். கடைசி வாரம் டெட்ராய்டில் 9 புள்ளி. நேற்று பிளே-ஆஃபில் ராம்ஸிடம் 9 புள்ளி, ஒன்பது முறை கீழே சாய்த்தார்கள். மூன்றாம் முறை விழுந்ததும் கால் மறுபடி அந்தச் சூட்டு மணலில் ஆட ஆரம்பித்தது. உச்சி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது மறக்காது. அவ்வளவுதான் சாம். நல்ல பையன். பேய் விடவில்லை.

27 ஏப்ரல் 2025

டியான் சாண்டர்ஸ் மகன் ஷெடூர் முதல் சுற்றில் போவான் என்று ஊரே சொன்னது. 144-ஆம் ஆளாக, ஐந்தாம் சுற்றில், கிளீவ்லாண்ட். அதே கிளீவ்லாண்ட் 94-இல் ஏற்கெனவே டில்லன் கேப்ரியலை எடுத்திருந்தது. நடுவில் ஒரு விடலை, அணிக்காரர் பேசுவது போல் ஷெடூருக்கு ஃபோன் போட்டு விளையாடியிருக்கிறான். 2018-இல் கடைசிவரை காத்திருந்த லமாரிடம் மைக்கை நீட்டியவர், ஏழு வருஷம் கழித்துச் சொந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து காத்திருந்தார்.

அப்பா ஃபோனில் கேட்டது: "மூணாஞ் சந்தைக்கும் விக்கலையா?"

ஆலன் பிப்ரவரியில் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் ஆனது இங்கே பதிவாகவே இல்லை, யாரும் சுட்டிக்காட்டவும் இல்லை. முதல் கேள்வி கேட்டவருக்கு ஒரு சபாஷ். பாதி சபாஷ், லமாரிடம் அதே விருது இரண்டு இருக்கிறது.

17 நவம்பர் 2025

டார்னல்ட் இப்போது சியாட்டிலில். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நேற்று ராம்ஸிடம் நான்கு இன்டர்செப்ஷன். நாலு. எண்ணிக்கை வரைக்கும் அதே. இருந்தும் 21-19 வரை விடாமல் வந்தான் என்பதைப் பையன் மூன்று முறை சொன்னான். கேட்டுக்கொண்டேன்.

9 பிப்ரவரி 2026, அதிகாலை 1

சியாட்டில் 29, பேட்ரியட்ஸ் 13.

அந்த ஐந்து பேரில் சூப்பர் பவுல் ஆடியவனும் ஜெயித்தவனும் இன்றுவரை ஒருவன்தான். சாம் டார்னல்ட். எதிரே நின்றது பேட்ரியட்ஸ். எதிர்க் குவார்ட்டர்பேக், என் பையன் முதலிடம் கொடுத்த டிரேக் மே. 14 ஜனவரி 2025 குறிப்பை அழிக்கலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

சாம் ஒன்றும் வானத்தை வில்லாக வளைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தடுப்பணிதான் மேயை மூச்சு விடாமல் அடித்தது. ஐந்து முறை காலால் அடித்து 15 புள்ளி சேர்த்தவர் ஜேசன் மையர்ஸ். அவர் 2018-இல் எங்கே ஆடினார் என்று கேளுங்கள். ஜெட்ஸ். டார்னல்ட் முதல் பந்தைத் தானம் கொடுத்த அந்த டெட்ராய்ட் ராத்திரியிலும் கூடவே இருந்தவர்.

நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எறிய இடமில்லாதபோது வெளியே தள்ளிவிட்டுத் திரும்பி நடந்தான், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். நான்கு பகுதியிலும் ஒரு பந்தைக்கூட எதிராளிக்குக் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பையன் கேட்டான், அந்தப் பழைய 14 எங்கே என்று. அவனுக்கு இப்போது அதில் கைகூட நுழையாது. கராஜில் தேடினேன். ஹாலோவீனுக்கு அடுத்த வாரமே அது கார் துடைக்கிற துணியாகிவிட்டது, என் கையால்தான். டயர் பக்கத்து வாளியில் கிடந்தது. பச்சை கறுப்பாகிவிட்டது, 4 உரிந்துபோய் 1 மட்டும் இருக்கிறது. அலசி, பாத்ரூம் கம்பியில் போட்டிருக்கிறேன். சொட்டிக்கொண்டிருக்கிறது.